காப்பி இலை நோயின் வேரைக் கண்ட மார்ஷல் வார்டு

கிள்ளான் பட்டணத்தில் காலையில் பசியாறப் போகும் நம்மவர் பலர் முதலில் கேட்பது ஒரு கோப்பி ஓ. அந்தக் கறுப்புத் தண்ணியின் வாசனைக்கும், இலங்கைத் தேயிலை மலையில் கொழுந்து கிள்ளும் நம் சொந்தங்களுக்கும், நம் பாட்டன்மார் இந்த நாட்டில் பால்மரம் வெட்ட வந்ததற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஒரு இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் தூள்தான் அந்தச் சம்பந்தம். அந்தத் தூள் என்ன, எப்படி வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று முதன்முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியவர் ஹாரி மார்ஷல் வார்டு என்ற ஆங்கிலேயர். தாவர நோய் படிப்பவர்களுக்கெல்லாம் அவர் பெயர் பாடம். தோட்டத்தில் வேலை செய்யும் நமக்கோ அவர் பெயரை யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால் இந்த வாரம் அவர் கதையைச் சொல்கிறோம்.

வார்டு பெரிய வீட்டுப் பிள்ளை அல்ல. 1854ஆம் வருஷம் மார்ச் 21ஆம் தேதி இங்கிலாந்தில் ஹெரிபோர்டு என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் சங்கீதம் வாசித்துப் பிழைத்தவர். பிறகு குடும்பம் நாட்டிங்காம் நகரத்துக்குப் போனது. பையனுக்கு 14 வயசானபோது வீட்டு நிலைமை காரணமாகப் பள்ளிக்கூடம் நின்று போச்சு. நம் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததும் பையைத் தூக்கி வைத்துவிட்டு வாளியைத் தூக்கிய எத்தனையோ பேருக்கு இது புதுக் கதை இல்லை. ஆனால் அந்தப் பையன் படிப்பை விடவில்லை. மாலை வகுப்புகளுக்குப் போய் விஞ்ஞானம் படித்தான். ஆசிரியர் வேலைக்குப் பயிற்சி எடுத்தான். இருபது வயசில் லண்டனில் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி நடத்திய வகுப்பில் இடம் கிடைத்தது. அங்கேதான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கிற பழக்கம் கையோடு வந்தது. 1876இல் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். 1879இல் முதல் வகுப்பில் தேறினார். அதன் பிறகு கொஞ்ச காலம் ஜெர்மனிக்குப் போய் சாக்ஸ் என்ற பேராசிரியரிடம் பாடம் கேட்டார். அந்தக் காலத்தில் செடி கொடியைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஜெர்மனிக்குத்தான் போக வேண்டும்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பூசணம் என்ற ஒன்று பயிரைக் கொல்லும் என்பதே அன்றைக்குப் பலர் ஒப்புக்கொள்ளாத விஷயம்.

1845இல் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குச் செடிகளின் இலைகள் கறுத்துக் கருகின. மண்ணுக்குள் இருந்த கிழங்கும் அழுகியது. அங்கே ஏழை ஜனங்களுக்குச் சோறு என்றால் உருளைக்கிழங்குதான். நமக்கு அரிசி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. அதிலும் நாடு முழுக்க ஒரே மாதிரிக் கிழங்கை நட்டு வைத்திருந்தார்கள். அடுத்தடுத்து சில வருஷம் விளைச்சல் போச்சு. பசியிலும் காய்ச்சலிலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறி வேறு தேசம் போனார்கள். இத்தனை நடந்தும், இலை கருகியதற்குக் காரணம் குளிர் என்றார்கள், மழை என்றார்கள், புதிதாக ஓடத் தொடங்கிய ரயில்வண்டியின் புகை என்றுகூடச் சொன்னார்கள். இலையில் வெள்ளையாகப் பூத்திருந்த பூசணம், செத்த இலையில் பின்னால் வந்து முளைத்தது என்பதுதான் படித்தவர்களின் எண்ணம். பெர்க்லி என்ற ஒரு பாதிரியார் மட்டும், பூசணம்தான் முதலில் வந்தது, அதுதான் இலையைக் கொன்றது என்று 1846இல் எழுதினார். அவரை நம்பியவர் கொஞ்சம் பேர். 1861இல் ஜெர்மனியில் டி பாரி என்ற விஞ்ஞானி அதைச் சோதனை செய்து நிரூபித்த பிறகுதான் விஷயம் உறைத்தது.

அதே பெர்க்லி பாதிரியாரின் மேசைக்கு 1869இல் இலங்கையிலிருந்து ஒரு கடிதத்தோடு சில காப்பி இலைகள் வந்து சேர்ந்தன. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவர் அனுப்பியது. மதுல்சீமை மலையில் ஒரு தோட்டத்தில் இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு மஞ்சளாகப் பொடி பூத்து, இலை உதிர்கிறது என்று தகவல். பெர்க்லி அதைப் பார்த்து, இது புதிய பூசணம் என்று சொல்லிப் பெயரும் வைத்தார். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். இரண்டாவது சொல்லுக்கு நாசம் செய்வது என்று அர்த்தம். தோட்டத் துரைமார் முதலில் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயரைத் திரித்து, நாசக்கார எமிலி என்று ஒரு பொம்பளைப் பெயராக்கி கிளப்பில் உட்கார்ந்து கேலி பேசினார்கள்.

அவர்கள் சிரித்ததற்குக் காரணம் உண்டு. காப்பி அன்றைக்குத் தங்கம். 1870இல் இலங்கையிலிருந்து சுமார் 10 லட்சம் அந்தர் காப்பி கப்பலேறியது. நோய் வந்த பிறகும் விலை ஏறிக்கொண்டே போனதால், விளைச்சல் குறைந்தது தெரியவில்லை. காட்டை மேலும் மேலும் வெட்டி நட்டார்கள். 1878 வாக்கில் சுமார் 2,75,000 ஏக்கர் காப்பி. மலைக்கு மலை ஒரே செடி. இடையில் ஒரு காட்டு மரம்கூட இல்லாமல் வழித்துவிட்டார்கள்.

அந்த மலையில் பழம் பறித்தது யார்? ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஜனங்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தே போனார்கள். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. காப்பிக்கு வருஷம் முழுவதும் ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் பருவத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தபோது, ஊரில் சாவதைவிட மலையில் பார்க்கலாம் என்று கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஒரு பக்கம் ஊரில் பஞ்சம். மறுபக்கம் போய்ச் சேர்ந்த மலையில் செடியின் இலை கொட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது நம் ஆள்.

1870களின் பின்பாதியில் துரைமார்களின் சிரிப்பு நின்றது. அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். முதலில் மோரிஸ் என்பவர் வந்து, கந்தகத்தூளும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார். பிறகு முழுநேரமும் இதை ஆராய்வதற்கென்று இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் மார்ஷல் வார்டை அனுப்பினார்கள். 1880இன் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு வயசு 26கூட நிறையவில்லை.

வந்த இடத்தில் அவருக்குக் கிடைத்தது கருத்துகளின் சந்தை. மண் சத்து செத்துப் போச்சு என்றார் ஒரு துரை. எரு அதிகம் போட்டதுதான் காரணம் என்றார் இன்னொருவர். எரு போதவில்லை என்றார் மூன்றாமவர். பருவம் தப்பியது, செடிக்கு ரத்தம் கெட்டது, விதை கிழடு தட்டியது என்று ஆளுக்கொன்று. பூசணம் இருக்கிறது, ஆனால் அது பலவீனமான செடியில்தான் வரும், ஆகவே செடியைப் பலப்படுத்தினால் போதும் என்று எரு விற்கிறவர்கள் சொன்னார்கள். இதைப் படிக்கும்போது நமக்கு ஒரு சிரிப்பு. சரக்கு விற்கிறவன் சொல்லும் வைத்தியம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

வார்டு யாரிடமும் வாதம் செய்யவில்லை. இலையை எடுத்தார், மைக்ராஸ்கோப்பை எடுத்தார். இலையின் அடியிலிருந்த மஞ்சள் தூளில் ஒவ்வொரு பொட்டும் பூசணத்தின் விதை. விஞ்ஞானப் புத்தகத்தில் இதை வித்துத்தூள் என்பார்கள். அதை ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். ஒரு நாளுக்குள் அது முளைத்து, நூல் மாதிரி ஒரு குழாய் நீண்டது. தண்ணீர் இல்லாமல் காய்ந்த கண்ணாடியில் வைத்தால் முளைக்கவில்லை. அப்புறம் நல்ல செடியின் இலையில், அடிப்பக்கத்தில், தண்ணீர்ச் சொட்டோடு அந்தத் தூளை வைத்தார். முளைத்த குழாய் இலையின் மேலே ஊர்ந்து, இலை மூச்சு விடுகிற சின்னத் துவாரத்தைத் தேடிப் போய் உள்ளே நுழைந்தது. காப்பி இலைக்கு அந்தத் துவாரங்கள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. உள்ளே போன பூசணம் இலையின் சதைக்குள் கிளை விட்டுப் படர்ந்து, அதன் சாரத்தை உறிஞ்சியது. வெளியே பார்த்தால் இலை பச்சைப் பசேல் என்று இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் மங்கலான ஒரு மஞ்சள் புள்ளி தெரியும். அதன் பிறகு அந்தப் புள்ளியே வெடித்து ஆயிரக்கணக்கில் புதுத் தூளைக் கொட்டும்.

இதைத்தான் தோட்டத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் நன்றாக மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். புள்ளி தெரிகிற நாளில் நோய் ஆரம்பமாவதில்லை. அது உள்ளே வந்து குடியேறி நாளாச்சு. புள்ளியைப் பார்த்த பிறகு மருந்தோடு ஓடுகிறவர், திருடன் மதில் தாண்டிப் போன பிறகு நாயை அவிழ்த்து விடுகிறார்.

அடுத்த கேள்வி, இந்தத் தூள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு எப்படிப் போகிறது? வார்டு கண்ணாடிச் சில்லுகளை எடுத்து, தூள் ஒட்டிக்கொள்ளும்படி பிசுபிசுப்பான பசை தடவி, தோட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். பிறகு அவற்றை எடுத்து வந்து பார்த்தால் சில்லில் நோய்த் தூள் ஒட்டியிருந்தது. செடிக்குப் பக்கத்தில் மட்டுமல்ல, தள்ளித் தொங்கவிட்டதிலும் இருந்தது. காற்றுதான் வாகனம். பருவக்காற்று எந்தத் திசையில் அடிக்கிறதோ அந்தத் திசைக்கு நோய் பயணம் போகிறது. மலைச்சரிவில் மரத்தை எல்லாம் வழித்துக் காப்பியை மட்டும் நட்டு வைத்ததால் காற்றுக்குத் தடை இல்லை. தூள் எங்கே விழுந்தாலும் அங்கே அதற்குப் பிடித்த இலை தயாராக விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. விருந்தாளிக்கு வாழையிலை போட்ட மாதிரி.

இன்னொன்றையும் அவர் விளக்கினார். நோய் இலையைத்தானே தின்கிறது, பழத்தைத் தொடுவதில்லையே, பிறகு ஏன் விளைச்சல் விழுகிறது என்று துரைமார் கேட்டார்கள். இலைதான் மரத்தின் அடுப்பங்கரை என்பது வார்டின் விளக்கத்தின் சாரம். வெயிலை வைத்து உணவு சமைப்பது இலை. இலை அதன் காலத்துக்கு முன்பே உதிர்ந்தால், பழத்துக்கு வைத்திருந்த உணவை எடுத்து மரம் புது இலை விட வேண்டும். அந்தப் புது இலையும் உதிரும். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் மரம் கடனாளி. ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இலை கொட்டிய மரத்தில் பால் வராது என்பது நம் கைக்குத் தெரியும்.

மூன்று அறிக்கைகள் எழுதினார். அவற்றில் அவர் சொன்ன வழி ஒரே மருந்து அல்ல, பல காரியங்களைச் சேர்த்துச் செய்வது. காற்று வரும் திசைக்குக் குறுக்கே மரங்களை வரிசையாக வைத்துத் தடுப்புக் கட்ட வேண்டும். நோய் விழுந்த இலைகளை அகற்றி அழிக்க வேண்டும். தூள் இலையில் முளைப்பதற்கு முன்னாலேயே கந்தகமும் சுண்ணாம்பும் தூவி இலையைக் காக்க வேண்டும். உள்ளே போன பிறகு தூவிப் பயனில்லை. இப்போது விவசாய அதிகாரிகள் ஒருங்கிணைந்த நோய்த் தடுப்பு என்று பெரிய பெயர் வைத்துப் பேசுவதெல்லாம் இந்த வழியில் வந்ததுதான்.

துரைமார்களுக்கு ஏமாற்றம். இரண்டு வருஷம் சம்பளம் கொடுத்து வைத்தோம், மருந்து கொண்டு வரவில்லையே என்று முணுமுணுத்தார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர் கையில் நல்ல மருந்து இல்லாததும் உண்மைதான். காலம் ஒரு வேடிக்கை செய்தது. 1882இல் வார்டு நாடு திரும்பினார். 1885இல் பிரான்சில் மில்லார்டே என்ற பேராசிரியர், மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து திராட்சை இலையில் அடித்தால் பூசணம் வராது என்று காட்டினார். போர்டோக் கலவை என்று பெயர். பிறகு உருளைக்கிழங்குக்கும் காப்பிக்கும் அதுதான் கை கண்ட மருந்தானது. இன்றைக்கும் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் மழைக்கு முன்னால் அதை அடிக்கிறார்கள். மூன்றே வருஷம் முந்தியிருந்தால் இலங்கையின் கதை மாறியிருக்குமா? மாறியிருக்காது என்பது நம் எண்ணம். 2 லட்சம் ஏக்கருக்கு மேல் மலைச்சரிவில் ஒவ்வொரு இலையின் அடியிலும் மருந்து படும்படி அடிக்க அன்றைக்குக் கருவியும் இல்லை, பணமும் இல்லை. மரத்தடுப்பு வைக்கலாம் என்றால் அது வளர வருஷங்கள் ஆகும். காட்டை அழிக்கும்போதே விட்டு வைத்திருக்க வேண்டியது அது.

காப்பி சரிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் பாங்கு 1884இல் மூடிக்கொண்டது. இருபது வருஷத்தில் ஏற்றுமதி பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. புத்தகங்களில் இந்த இடத்தில் துரைமார் எப்படி மனம் தளராமல் சிங்கோனாவும் பிறகு தேயிலையும் நட்டார்கள் என்று எழுதியிருக்கும். தேயிலையை ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867லேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டு வைத்திருந்தார். 1890 வாக்கில் அது 2 லட்சம் ஏக்கருக்கு மேல் போனது. உண்மைதான், பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் நாம் சங்கத்தில் வேலை செய்கிறவர்கள், சம்பளப் புத்தகத்தையும் புரட்டிப் பார்ப்போம். நொடித்துப் போன தோட்டங்களில் மாதக்கணக்கில் கூலி பாக்கி நின்றது. துரை கப்பலேறினார். பாங்கு தோட்டத்தை எடுத்துக்கொண்டது. கங்காணி, தான் கொடுத்த முன்பணத்தைக் கேட்டார். பழம் பறித்தவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. துண்டு என்ற ஒரு முறை அங்கே இருந்தது. ஒரு கூட்டத்தின் கடனைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு துரை இன்னொரு துரைக்கு எழுதித் தரும் காகிதம் அது. கடன் ஆளோடு சேர்ந்து தோட்டம் விட்டுத் தோட்டம் போனது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். தேயிலை வந்ததும் இன்னொரு மாற்றம். காப்பி மாதிரி பருவத்துக்கு வந்து போக முடியாது. கொழுந்து வருஷம் முழுக்கத் துளிர்க்கும். அதனால் பொம்பளை பிள்ளைகளோடு லயத்தில் நிரந்தரமாகக் குடியேறினார்கள். மலையகத் தமிழர் என்று இன்று ஒரு சமூகம் இருப்பதற்கு அந்த மஞ்சள் தூளும் ஒரு காரணம்.

இலங்கையில் கை சுட்டுக்கொண்ட துரைமார் சிலர் 1870களின் இறுதியிலிருந்தே மலாயாவுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த பயிர் காப்பி. சிலாங்கூரில் கோலாலம்பூரைச் சுற்றியும் கிள்ளான் பக்கத்திலும் 1880களிலும் 1890களிலும் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. இலங்கையில் செத்தது அரபிக்கா என்ற ஜாதி. இங்கே அவர்கள் பெரும்பாலும் நட்டது லைபீரிக்கா என்ற பெரிய மரம். நோயைக் கொஞ்சம் தாங்கும், தாழ்நிலத்திலும் வளரும் என்பதால். மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி இன்றும் லைபீரிக்காதான். பந்திங் பக்கம் போனால் பார்க்கலாம். அந்தக் காப்பிக்கும் யோகம் நிலைக்கவில்லை. ஒரு பக்கம் புழு, மறுபக்கம் 1890களின் பின்பாதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் கொட்டி விலை விழுந்தது. அப்போதுதான் காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்துக் கிண்டர்ஸ்லி சகோதரர்களும் மலாக்காவில் டான் சாய் யானும் சோதனையாக நட்டிருந்த ரப்பர் மரத்தின் மேல் எல்லார் பார்வையும் திரும்பியது. காப்பிச் செடிகளுக்கு நடுவே ரப்பர்க் கன்றுகளை ஊன்றினார்கள். அதற்கு ஆள் வேண்டுமென்று நாகப்பட்டினத்தில் கப்பல் நின்றது.

போன மாசம் பிரிக்பீல்ட்ஸில் டீக்கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் குறுக்கே கேட்டார். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டமே வீடமைப்பாகிப் போச்சு, மிச்சம் இருப்பது செம்பனை, இன்னும் எதற்கு இலை நோய்ப் பேச்சு என்று. நியாயமான கேள்வி. பதில் இதுதான். ரப்பர் வெட்டிப் பிழைக்கிற குடும்பங்கள் நாட்டில் இன்னும் லட்சக்கணக்கில் இருக்கின்றன. 2017 முதல் பெஸ்டலோட்டியோப்சிஸ் என்ற பூசணம் மலேசிய ரப்பர் இலைகளைத் தாக்கி வருகிறது. பழைய ஓய்டியம் நோய் இலையுதிர் காலத்துக்குப் பிறகு வரும் இளந்தளிரைத்தான் பிடிக்கும். இது முதிர்ந்த இலையையும் வட்ட வட்டப் புள்ளியாகப் பிடித்து உதிர்க்கிறது. பால் கணிசமாகக் குறைகிறது. பாலின் எடைக்குக் கூலி வாங்குகிறவன் வீட்டில் அந்தக் குறைவு அன்றைக்கே அடுப்பில் தெரியும்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இன்னும் கடல் கடந்து வரவில்லை. தென் அமெரிக்க இலைக் கருகல். ரப்பரின் தாய்நாடான அமேசான் காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் அது பெரிதாகப் பரவ முடியாது. ஹென்றி போர்டு என்ற மோட்டார் கார் முதலாளி 1928 முதல் பிரேசிலில் போர்ட்லாண்டியா என்ற பெரிய தோட்டம் போட்டு, மரங்களை நெருக்கி நட்டார். கிளையோடு கிளை முட்டியதும் கருகல் நோய் தோப்போடு கொண்டு போனது. 1945இல் பிரேசில் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டு வெளியேறினார். வார்டு இலங்கையில் எழுதி வைத்ததைப் படித்திருந்தால் போர்டுக்கு அத்தனை பணம் மிச்சம். நம் ரப்பர் 1876இல் விதையாக லண்டன் போய், அங்கே முளைத்து, கன்றாக இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்ததால் அந்த நோய் கூட வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்தார்கள். வார்டியன் பெட்டி என்று அதற்குப் பெயர். அது வேறொரு வார்டு, நம் வார்டு அல்ல. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மருந்தடிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. நோய்த் தடுப்பு என்றால் மருந்து மட்டும்தான் என்று ஆனதிலிருந்து, தோளில் டின் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், கையுறை இல்லாமல் வாளியில் மருந்தைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்த அக்காமாரை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். நகம் கறுத்திருந்தது. மூக்கில் ரத்தம் வருவதைப் பற்றிச் சாதாரணமாகப் பேசினார்கள். களைக்கொல்லியான பாராகுவாட்டை நம் அரசாங்கம் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அதற்குப் பல வருஷப் போராட்டம் தேவைப்பட்டது. பூசண மருந்தும் குடிக்கிற தண்ணி அல்ல. வார்டு சொன்ன மாதிரி காற்றுத் தடுப்பு, நோய் தாங்கும் ரகம், பல ரகம் கலந்து நடுவது, விழுந்த இலையைச் சுத்தம் செய்வது என்று மற்ற காரியங்களை ஒழுங்காகச் செய்தால், டின்னைத் தூக்குகிற நாட்கள் குறையும். மேலாளரோடு பேச்சு வார்த்தைக்கு உட்காரும்போது கையுறை, முகமூடி கேட்பதோடு இதையும் கேளுங்கள். லயத்துக்குப் பின்னால் தக்காளி போட்டிருப்பவர்களும் கவனிக்கலாம். அயர்லாந்துக் கிழங்கை அழித்த அதே நோய் தக்காளிக்கும் வரும், கேமரன் மலைக்காரர்களைக் கேளுங்கள். அந்தி நேரத்தில் இலை மேல் தண்ணீர் ஊற்றாமல் காலையில் வேரடியில் ஊற்றுங்கள். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூசண விதைக்கு அது முளைக்கும் நேரம்.

வார்டின் பிற்கால வாழ்க்கை வேகமாக ஏறியது. இலங்கையிலிருந்து திரும்பியதும் டி பாரியைப் போய்ப் பார்த்தார். மான்செஸ்டரில் கொஞ்ச காலம் வேலை செய்தார். 1883இல் செலினா கிங்டன் என்ற பெண்ணை மணந்தார். 1885இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியக் காட்டு இலாகாவுக்குப் போகும் அதிகாரிகள் படித்த இடம் அது. 1888இல் ராயல் சொசைட்டியில் அங்கத்தினர். லில்லிப் பூச்செடியின் அழுகல், ஓக் மரம், இஞ்சிப் பானத்தைப் புளிக்க வைக்கும் கிருமி என்று கை வைக்காத விஷயம் இல்லை. வெயில் வெளிச்சம் கிருமிகளைக் கொல்லும் என்பதையும் சோதனை செய்து காட்டினார். படுக்கைத் துணியை வெயிலில் போடச் சொல்லும் நம் பாட்டிமார் இதைக் கேட்டால் இதிலென்ன அதிசயம் என்பார்கள். 1895இல் கேம்பிரிட்ஜிலேயே தாவரவியல் பேராசிரியர். பதினாலு வயசில் பள்ளியை விட்ட பையன் உட்கார்ந்த நாற்காலி அது. 1904இல் அவர் முயற்சியில் எழுந்த புதிய தாவரவியல் கட்டடத்தை எட்வர்டு மன்னர் திறந்து வைத்தார்.

கடைசி வருஷங்களில் அவர் மறுபடியும் துரு நோய்க்கே வந்தார். இந்த முறை காப்பி அல்ல, ஒரு வகைப் புல்லில் வரும் துரு. ஒரு புல்லில் வளரும் துரு இன்னொரு ஜாதிப் புல்லைப் பிடிக்காமல் விடுவதையும், நடுவில் ஒரு ஜாதி பாலமாக இருந்தால் அது மெல்ல மெல்ல மற்றதற்கும் தாவப் பழகிக்கொள்வதாகத் தோன்றுவதையும் பொறுமையாகச் சோதித்தார். அந்தப் பாலம் பற்றிய முடிவைப் பின்னால் வந்தவர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் நோய் தாங்கும் ரகம் என்று நட்டது சில வருஷம் கழித்து ஏன் தாங்காமல் போகிறது என்ற கேள்விக்கு ஆள் தேடிக் கொடுத்தது அந்த வேலைதான்.

உடம்பு அதற்குள் தளர்ந்துவிட்டது. 1906 ஆகஸ்டு 26ஆம் தேதி, 52ஆம் வயசில், டார்க்கி என்ற கடற்கரை ஊருக்குப் பக்கத்தில் காலமானார். அவர் மகன் பிராங்க் கிங்டன் வார்டு பிறகு திபெத், பர்மா மலைகளில் அலைந்து செடி சேகரித்துப் பெயர் வாங்கினார். தகப்பனார் கண்ணை மூடிய அந்த வருஷத்தில் இலங்கை மலைகளில் காப்பி அநேகமாக இல்லை. கிள்ளான் ஆற்றோரத் தோட்டங்களில், கிழட்டுக் காப்பிச் செடிகளை வெட்டிப் போட்டுவிட்டு, இடையில் நின்ற ரப்பர் மரங்களுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.